மழைமானி காணாத மழை: லடாக்கின் 2010 வெள்ளமும் மலைப்பகுதி இடிமழை முன்னறிவிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

2010 ஆகஸ்ட் 5-6 நள்ளிரவில் லே நகரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் திடீர் வெள்ளம் அழித்தது. அந்நகரின் வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் பதிவுசெய்த மழையோ 12.8 மி.மீ. மட்டுமே. இந்த முரணைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு, மலைப்பகுதிகளில் இடிமழை உருவாகும் முறை, அது வெள்ளமாக மாறும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அளவீட்டுக் குறைபாடு முன்னறிவிப்பை மட்டுமன்றி, முன்னறிவிப்பின் தரத்தை மதிப்பிடும் முறையையும் திரித்துவிடுகிறது என்பது இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: இடிமழை, மேகவெடிப்பு, திடீர் வெள்ளம், நீர்ப்பிடிப்புப் பகுதி, லடாக், முன்னறிவிப்பு மதிப்பீடு

முன்னுரை

மலையில் பெய்த மழையால் திடீரெனப் பெருகி, பெய்த சுவடே இல்லாத சமவெளியில் பாய்ந்து வரும் ஓடையைத் தமிழில் காட்டாறு என்கிறோம். மழை பெய்யும் இடமும் வெள்ளம் சேதம் விளைக்கும் இடமும் வேறு வேறு என்னும் அறிவு இச்சொல்லின் வழக்கிலேயே அடங்கியுள்ளது. இன்று ஊடகங்களில் பெருவழக்காகிவிட்ட மேகவெடிப்பு என்னும் சொல் இதற்கு நேர்மாறானது. வானில் எதுவோ வெடித்து நீர் ஒருசேரக் கொட்டியது போன்ற தோற்றத்தை அது தருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, ஏறத்தாழ 20 முதல் 30 ச.கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்யும் மழையே மேகவெடிப்பு. எதுவும் வெடிப்பதில்லை, வரையறை முழுவதும் அளவைச் சார்ந்தது. அளவைச் சார்ந்த வரையறைக்கு அளப்பதற்கு ஒரு கருவி அவ்விடத்தில் இருந்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

லேயில் நிகழ்ந்தது

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், சிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள லே, இமயத்தின் மழைமறைவுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆண்டு முழுவதற்குமான மழை, பனிப்பொழிவின் சராசரி 100 மி.மீ. அளவில்தான் உள்ளது. வெயிலில் காய்ந்த மண்கற்களால் சுவரெழுப்பி, தட்டையான மண்கூரை வேய்ந்து வாழும் கட்டடமரபு இந்த வறட்சியை நம்பியே வளர்ந்தது. 2010 ஆகஸ்ட் மாத அந்த நள்ளிரவில், லடாக் மலைத்தொடரின் தென்சரிவிலிருந்து இறங்கிய சிற்றோடைகள் சேறும் பாறையும் கலந்த குழம்பாகப் பெருகின. லே நகரின் பேருந்து நிலையம், மருத்துவமனை, தொலைத்தொடர்பு நிலையம் ஆகியன பாதிக்கப்பட்டன. சோக்லம்சர், சாபு, பியாங் போன்ற ஊர்கள் பேரிழப்பைச் சந்தித்தன. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அன்று லேயில் டாப்ளர் ரேடார் இல்லை. மழைமானி காட்டியது 12.8 மி.மீ. சென்னையில் ஒரு மாலைத் தூறல் தரக்கூடிய அளவு அது. கருவி பழுதுபட்டது என்று இதைத் தள்ளிவிட இயலாது. வெள்ளத்திற்குப் பின் ஓடைகளின் அரிப்பையும் அவை உருட்டிச் சென்ற பாறைகளின் அளவையும் ஆராய்ந்த புவிப்புறவியலாளர்கள், சில கிலோமீட்டர் இடைவெளிக்குள்ளேயே மழையின் கடுமை பெரிதும் வேறுபட்டதையும், மலைச்சரிவுகளில் மழைமானி காட்டியதைவிடப் பன்மடங்கு மழை பெய்திருக்க வேண்டும் என்பதையும் கண்டனர். மழைமானி தான் இருந்த இடத்தின் மழையைச் சொன்னது. மலையின் மழையை அது அறியாது.

மழையளவின் கூறுகள்

திடீர் வெள்ளத்தை முன்னறிவதற்கான அடிப்படைச் சிந்தனைமுறையை டோஸ்வெல், புரூக்ஸ், மேடக்ஸ் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட கட்டுரை தெளிவுபடுத்தியது. ஓரிடத்தில் பெய்யும் மொத்த மழை என்பது சராசரி மழைவீதத்தையும் மழை நீடிக்கும் காலத்தையும் பெருக்கி வருவது. மழைவீதமோ மூன்று கூறுகளின் பெருக்கற்பலன்: மேலெழும் காற்றின் வேகம், அக்காற்றிலுள்ள நீராவியின் அளவு, மேலே சென்ற நீராவியில் எவ்வளவு மழையாகக் கீழே திரும்புகிறது என்னும் மழையாக்கத் திறன். மிக எளிய சமன்பாடு இது. ஆயினும் எதைத் தேட வேண்டும் என்பதை முன்னறிவிப்பாளருக்கு இது சொல்லிவிடுகிறது.

மலை இக்கூறுகள் அனைத்திலும் தலையிடுகிறது. பகலில் சரிவுகள் அவற்றின் உயரத்திலுள்ள தடையற்ற காற்றைவிட விரைவாகச் சூடேறுவதால், பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி ஏறுகிறது. எதிரே வரும் காற்றைத் தடுத்து மேலே தள்ளுவதும் மலையே. கீழ்மட்டக் காற்று ஈரமும் வெப்பமும் மிக்கதாகவும், மேல்மட்டம் குளிர்ந்தும் இருக்குமாயின், அந்தச் சிறு தள்ளலே போதும். காற்று தன் மிதப்பாற்றலால் தானே உயர்ந்து கார்திரள் மேகமாகிறது. நீராவியைப் பொறுத்தவரை உயரம் ஒரு தடை. குளிர்ந்த காற்று குறைந்த நீராவியையே தாங்கும். ஆகவேதான் லடாக் போன்ற இடத்தில் பெருமழைக்குத் தேவையான ஈரம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

2010-இல் அது வந்த வழியை ராஸ்முசென், ஹவுஸ் ஆகியோரின் ஆய்வு விளக்கியது. திபெத்தியப் பீடபூமியில் பகல்வெப்பத்தால் எழுந்த இடிமழை மேகங்கள், கீழைத்திசையிலிருந்து வீசிய நடுவளிமண்டலக் காற்றால் மேற்கே லேயை நோக்கி நகர்த்தப்பட்டன. வழியில் அவை ஒன்றிணைந்து பெருந்தொகுதியாயின. அதே வேளையில் அரபிக்கடல், வங்காள விரிகுடா ஆகியவற்றிலிருந்து வந்த ஈரக்காற்று இமயச்சரிவில் ஏறி அத்தொகுதிக்கு உணவூட்டியது. இந்த அமைப்பு ஒருநாள் மட்டும் தோன்றவில்லை. அடுத்தடுத்து மூன்று நாள்கள் திரும்பத் திரும்ப அமைந்தது. முதலிரு நாள்களின் மழை மண்ணை நனைத்து வைத்தது. மூன்றாம் இரவின் மழை அந்த மண்ணின்மேல் பெய்தது.

முன்னறிவிப்பு நோக்கில் இம்மூன்று நாள் தொடர்ச்சி மிக முக்கியமானது எனக் கருதுகிறேன். மேகம் எந்த ஓடையின்மேல் பொழியும் என்பதை எவராலும் ஒருநாள் முன்பே சொல்லியிருக்க இயலாது. ஆனால் வழக்கத்திற்கு மாறான காற்றமைப்பு நிலைத்திருக்கிறது, வறண்ட நிலத்தில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்னும் இரண்டு செய்திகளும் பேரிடருக்கு முந்தைய நாளிலேயே வளிமண்டலத்தில் எழுதப்பட்டிருந்தன.

மழையின் கடுமைக்கு வேகமான காற்று தேவை என்னும் பொதுநம்பிக்கை தவறானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 1976 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. மேல்மட்டக் காற்று மெலிவாக இருந்தமையால் இடிமழை மேகம் நகராமல் மலைச்சரிவின்மேலேயே நின்றது. ஏறத்தாழ 4 மணி நேரத்தில் 300 மி.மீ. அளவு மழை பெய்து, 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே மேகம் நின்றது. லேயில் மேகங்கள் நகர்ந்து வந்தன. இருவேறு வழிகளிலும் பேரிடர் விளைந்துள்ளது என்பதால், ஒரு நிகழ்வின் வடிவத்தை மட்டும் மனத்திற்கொண்டு அடுத்ததைத் தேடுவது பயன் தராது.

மழை வெள்ளமாதல்

பொறியாளர்கள் சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்குப் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்றைக் காட்டாகக் கொள்ளலாம். 10 ச.கி.மீ. பரப்புள்ள செங்குத்தான ஓடைப்படுகை. பெய்யும் மழையில் பத்தில் ஆறு பங்கு உடனே வழிந்தோடுகிறது எனக் கொள்வோம். மணிக்கு 60 மி.மீ. வீதம் மழை பெய்தால் ஓடையின் உச்சப் பாய்வு நொடிக்கு 100 கன மீட்டர். 12.8 மி.மீ. மழை ஒரே மணி நேரத்தில் பெய்தால் நொடிக்கு 21 கன மீட்டர். அதே 12.8 மி.மீ. நாள் முழுவதும் பரவிப் பெய்தால் நொடிக்கு ஒரு கன மீட்டர்கூட இல்லை. ஆகவே 24 மணி நேர மொத்தம் என்னும் எண், திடீர் வெள்ளத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

லடாக்கின் சரிவுகளில் மழையைத் தடுத்து நிறுத்தக் காடோ அடர்ந்த புல்லோ இல்லை. உறைதலாலும் உருகுதலாலும் உடைந்த கற்குவியல் ஏராளமாகக் கிடக்கிறது. நீரோடு அதுவும் சேரும்போது ஓடையில் வருவது வெள்ளமன்று, நகரும் நிலம். மழை தொடங்கியதற்கும் அது ஊரை அடைவதற்கும் இடையே சில பத்து நிமிடங்களே கிடைக்கும்.

மழையளவுக்கான எச்சரிக்கை வரம்புகளும் இவ்விடத்தில் ஆராயத்தக்கவை. இந்தியாவில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை எனவும், 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை எனவும், அதற்கு மேல் அதிகனமழை எனவும் வகைப்படுத்துகின்றனர். கடற்கரைத் தமிழ்நாட்டிற்கு இவை பொருந்தும். ஆண்டுக்கே 100 மி.மீ. காணும் நிலத்தில் கனமழை என்னும் முதற்படியை எட்டுவதற்கு ஓராண்டு மழையின் பாதிக்கு மேல் ஒரே நாளில் பெய்ய வேண்டும். அதற்கு வெகுமுன்னரே ஓடைகள் கரையை உடைத்துவிடும்.

சாட்சியற்ற மழையும் தவறான மதிப்பீடும்

மலைப்பகுதிகளில் 250 ச.கி.மீ.க்கு ஒரு மழைமானியேனும் வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல். ஏறத்தாழ 59,000 ச.கி.மீ. பரப்புள்ள லடாக்கிற்கு இவ்வளவுகோலின்படி 230-க்கும் மேற்பட்ட மழைமானிகள் தேவை. அவை அனைத்தும் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 25 ச.கி.மீ. பரப்பில் பெய்யும் ஒரு மேகவெடிப்பு ஏதேனும் ஒரு மழைமானியின்மேல் விழுவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். மழைமானிகள் பெரும்பாலும் மக்கள் சென்றடையக்கூடிய பள்ளத்தாக்குகளில் இருப்பதால், மேற்சரிவு மழை சிக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

இதன் விளைவு மழையைத் தவறவிடுவதோடு நிற்பதில்லை. 2010 ஆகஸ்ட் 5-ஆம் நாள் மாலையில், லே வட்டாரத்தில் மிகக் கடுமையான மழை பெய்யும் என ஒருவர் எச்சரித்திருந்ததாகக் கற்பனை செய்வோம். மறுநாள் மதிப்பீட்டு அட்டவணையில் அந்த எச்சரிக்கைக்கு எதிரே 12.8 மி.மீ. என்னும் எண் எழுதப்படும். எச்சரிக்கை 'பொய் எச்சரிக்கை' என்னும் பத்தியில் சேரும். எச்சரிக்கை விடாதவரோ சரியாகக் கணித்தவர் ஆவார். பலியானவர்களின் எண்ணிக்கை இவ்வட்டவணையில் இடம்பெறுவதில்லை. இத்தகைய தரவுகளைக் கொண்டு கணிப்பு மாதிரிகளைச் செம்மைப்படுத்தும்போது, பெருமழையைக் குறைத்துச் சொல்லும் மாதிரியே சிறந்ததாகத் தோன்றும்.

மறுபுறத் தவறும் உண்டு. மழைமானி குறைவாகக் காட்டினால் மேலே மேகவெடிப்பு நிகழ்ந்திருக்கும் என்று ஊகிப்பதும் சரியன்று. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தரகண்டின் சமோலியில் 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்திற்கு மழையே காரணமில்லை. பாறையும் பனியும் சரிந்து விழுந்ததே காரணம். 2025 ஆகஸ்ட் 5 அன்று தராலியைச் சேற்றுவெள்ளம் மூடியபோதும் அருகிலிருந்த மழைமானிகள் பெருமழை எதையும் காட்டவில்லை. மேகவெடிப்பு என்றே செய்திகள் முதலில் கூறின. ஆகவே, ஒரே மழைமானியின் மௌனத்தைக் கொண்டு எதையும் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

ரேடாரும் கணிப்பு மாதிரிகளும்

ரேடார் இக்குறையை ஓரளவே தீர்க்கும். அரைப் பாகைச் சாய்வில் அனுப்பப்படும் கதிர், 100 கி.மீ. தொலைவை அடையும்போது ரேடாரின் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்தில் இருக்கும், இடையில் மலைமுகடு இருந்தால் அதற்கப்பால் உள்ள பள்ளத்தாக்கு முழுவதும் ரேடாருக்கு இருள். லேயில் 2022-இல் பயன்பாட்டுக்கு வந்த டாப்ளர் ரேடார் எக்ஸ் அலைப்பட்டையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 3 செ.மீ. அலைநீளம் கொண்ட இவ்வகை ரேடார்கள் சிறியவை, மலையில் நிறுவ ஏற்றவை; ஆனால் கடும்மழையினூடே செல்லும்போது இவற்றின் கதிர் வலுவிழக்கிறது. எந்த மழையைக் காண வேண்டுமோ அதுவே பார்வையை மறைக்கிறது.

கணிப்பு மாதிரிகளின் கட்டவலை நெருக்கமாகி வருகிறது. 2025 மே மாதத்தில் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் கட்ட இடைவெளி 6 கி.மீ. எனினும் ஒரு நிகழ்வை மாதிரி உண்மையாகச் சித்திரிக்க ஆறேழு கட்டங்களேனும் தேவை என்பதால், அதன் பயனுறு நுண்மை 40 கி.மீ. அளவில் நிற்கிறது. சாபு ஓடையை அது தனியே காணாது. காண வேண்டும் என எதிர்பார்ப்பதும் முறையன்று. 'இம்மாவட்டத்தின் ஓடைகளில் ஏதேனும் ஒன்றில் இன்றிரவு இத்தகைய மழை பெய்யும் நிகழ்தகவு வழக்கத்தைவிட இத்தனை மடங்கு' என்பதே இன்றைய அறிவியல் நேர்மையாகச் சொல்லக்கூடிய வாக்கியம். மதிப்பீடும் அதற்கேற்பப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடாமல், சுற்றுவட்டாரம் முழுவதையும் கணக்கிலெடுக்கும் முறைக்கு மாற வேண்டும். செயற்கைக்கோள் காட்டும் மேகமுகட்டு வெப்பநிலை, ஓடைகளின் அரிப்புத் தடயம் ஆகியனவும் அதில் சாட்சியங்களாக ஏற்கப்பட வேண்டும்.

2020 அக்டோபரில் தொடங்கப்பட்ட தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு இத்திசையில் ஒரு நல்ல படி. இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம் ஆகிய நாடுகளுக்கு 6 மணி நேரத்திற்கு முன்பாக அச்சுறுத்தலையும் 24 மணி நேரத்திற்கு முன்பாக இடர் வாய்ப்பையும் நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாக இது தருகிறது. எவ்வளவு மழை பெய்யும் என்பதோடு, இந்த மண் இன்றுள்ள ஈரநிலையில் எவ்வளவு மழை பெய்தால் ஓடை கரை கடக்கும் என்றும் இது கேட்கிறது. 2010-இன் முதலிரு நாள் மழை இத்தகைய கணக்கில் மூன்றாம் நாளுக்கான வரம்பைத் தானே தாழ்த்தியிருக்கும். ஆயினும் அந்த வரம்புகளைச் சரிபார்க்க மேற்சரிவுகளில் சில தானியங்கி மழைமானிகளும், ஓடைகளில் நீர்மட்ட உணரிகளும் வேண்டும். லேயின் மேற்கரை ஓடைகள் ஒவ்வொன்றிலும் ஊருக்குச் சில கிலோமீட்டர் மேலே ஓர் உணரி இருந்தால் கிடைக்கும் கால்மணி நேரம், பிக் தாம்சன் வெள்ளத்திற்குப் பின் கொலராடோ மலைச்சாலைகளில் நடப்பட்ட பலகைகள் கேட்கும் அளவுக்குப் போதுமானது. வெள்ளம் வந்தால் வண்டியை விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள் என்பது மட்டுமே அப்பலகைகளின் செய்தி.