எல்லை தாண்டிய நகரமும் எல்லைக்குட்பட்ட ஆட்சியும்: கிரியான் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ளது கிரியான் மாவட்டம். அதன் நெல்வயல்களுக்கும் பழைய தோட்டப்புறங்களுக்கும் நடுவே வளர்ந்த ஊர் பாகான் செராய். மாநிலத் தலைநகராகிய ஈப்போவுக்குச் செல்லும் தொலைவில் பாதியைக் கடந்தாலே வடக்கே பட்டர்வொர்த்தை அடைந்துவிடலாம். எனவே இங்குள்ளோர் தொழிற்சாலை வேலைக்கும் மருத்துவத்திற்கும் கல்விக்கும் வடதிசை நோக்கிச் செல்வது இயல்பாகிவிட்டது. ஆயினும் அவர்தம் ஊரை ஆளும் மன்றமும் மாநில அரசும் அத்திசையில் இல்லை. மக்கள் வாழ்வு ஒரு பரப்பிலும் அவர்களை ஆளும் அமைப்பு வேறொரு பரப்பிலும் நிற்கும் இந்நிலையையே ‘பெருநகர வட்டார ஆட்சி’ என்னும் கருத்தாக்கம் ஆராய்கிறது. அக்கருத்தாக்கத்தைக் கிரியானைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் எல்லையும்

கிரியான் ஆற்றை ஒட்டி மூன்று ஊர்கள் அண்டை அயலாக உள்ளன. பாரிட் புந்தார் பேராக்கைச் சார்ந்தது. நிபோங் திபால் பினாங்கைச் சார்ந்தது. பண்டார் பாரு கெடாவைச் சார்ந்தது. இவ்வெல்லைகள் இயற்கை வகுத்தவை அல்ல. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின் வழி ஆற்றின் தென்கரையிலிருந்த ஒரு பகுதி அன்றைய வெல்லெஸ்லி மாகாணத்தோடு, அதாவது இன்றைய செபராங் பிறையோடு சேர்க்கப்பட்டது. ‘திரான்ஸ்கிரியான்’ என்று இன்றும் வழங்கும் இடப்பெயர், ‘கிரியானுக்கு அப்பால்’ என்னும் பொருளில் அவ்வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001ஆம் ஆண்டு முதல் அங்குதான் இயங்கி வருகிறது.

2014ஆம் ஆண்டு பத்து காவானையும் பினாங்குத் தீவையும் இணைக்கும் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் தென் செபராங் பிறையின் தொழிற்பேட்டைகள் கிரியானை மேலும் நெருங்கின. நிலத்திட்ட வல்லுநர் பினாங்கு மாநிலத்தையும் அதனை ஒட்டிய கெடா, பேராக் பகுதிகளையும் சேர்த்து ஒரே ‘நகர்த்திரள்’ என்பர். ஊர்கள் பல வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பரப்பே நகர்த்திரள் எனப்படும்.

திரள் ஒன்றாயினும் ஆட்சி ஒன்றன்று. குப்பை அகற்றுதலையே எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது கெடா அதனை ஏற்றுக்கொண்டது. பினாங்கும் பேராக்கும் ஏற்கவில்லை. ஆகவே ஒரே ஆற்றங்கரையில் ஓரூரின் குப்பை கூட்டரசு அமைப்பின் பொறுப்பாகவும், கூப்பிடு தூரத்திலுள்ள மற்ற ஊர்களின் குப்பை அவ்வவ் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பாகவும் ஆயின. ஆற்றில் விழும் கழிவோ இவ்வேறுபாட்டை அறியாது.

தண்ணீரின் நிலை இதனினும் சிக்கலானது. 2005ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தால் குடிநீர் வழங்கல் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆறுகளோ மாநில அதிகாரத்திலேயே நின்றன. பேராக் ஆற்று நீரைப் பினாங்குக்குக் கொண்டு செல்லும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்துள்ளது. கிரியான் மக்களோ 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பி 20,000 எக்டருக்கும் மேற்பட்ட நெல்வயல்களைப் பேணுபவர்கள். தம் வயலுக்கும் குழாய்க்கும் முதலில் நீர் வேண்டும் என்பது அவர்தம் நியாயம். தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் நீர் வேண்டும் என்பது பினாங்கின் நியாயம். இவ்விரு நியாயங்களையும் ஒரே அவையில் வைத்து எடைபோடுவதற்கு, வட்டாரத்திற்குப் பொறுப்பான மன்றம் எதுவும் இல்லை.

ஊராட்சியின் வரலாறு

இக்குறைபாட்டின் வேரை அறிய நம் நாட்டு ஊராட்சியின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். மலாயாவில் முதல் தேர்தல் நடைபெற்றது ஒரு நகராண்மைக் கழகத்திற்கேயாகும். 1951ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ச் டவுனில் அது நடைபெற்றது. 1957இல் அந்நகர் மாநகர் தகுதி பெற்றது. அதன் தொடக்ககால மேயர்களுள் ஒருவராக விளங்கியவர் டி. எஸ். இராமநாதன் ஆவார். இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கையைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன.

அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அவ்வாணையம் 1968இல் தன் அறிக்கையை அளித்தது. அக்காலத்தில் தீபகற்ப மலேசியாவில் 374 ஊராட்சி அமைப்புகள் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும், தேர்தலை மீண்டும் கொணர வேண்டும் என்பன ஆணையத்தின் பரிந்துரைகளுள் தலையாயவை. அரசாங்கம் முன்னதை ஏற்றது, பின்னதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தமிழர் ஒருவர் தலைமையில் உருவான அவ்வறிக்கையைத் தமிழில் ஆராய்வோர் அரிதாயிருப்பது வருந்தத்தக்கது.

வட்டார அளவில் முயற்சியே இல்லை என்று கூறிவிட முடியாது. நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் 2001ஆம் ஆண்டுத் திருத்தம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவிய பகுதிக்கு வட்டாரத் திட்டக்குழு அமைக்க வழி வகுத்தது. 2008இல் வட பொருளாதாரப் பெருவழிக்கெனத் தனிச் சட்டத்தின் கீழ் செயலாக்க ஆணையம் ஒன்றும் தோன்றியது. பிரதமர் தலைமையில் மாநில முதல்வர்களும் அதில் இடம்பெறுகின்றனர். எனினும் திட்டம் தீட்டுவதும் முதலீடு ஈர்ப்பதும் ஆட்சியின் கூறுகளே அன்றி ஆட்சியாகிவிடா. பாகான் செராயில் வாழும் ஒருவர் அவ்வமைப்புகளுக்கு எவரையும் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை.

தோட்டப்புறம்: மன்றத்தின் எல்லைக்கு அப்பால்

இச்செய்தி தமிழர்க்குத் தனிப் பொருள் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியானின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். பின்னர்க் கரும்பின் இடத்தை இரப்பர் பிடித்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு முடிவு கட்டப்பட்டது. ஆயினும் தோட்டம் என்பது தனியார் நிலமாகவே நீடித்தது. சாலை, குடிநீர், குடியிருப்பு யாவும் நிருவாகத்தின் கையில் இருந்தன. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டமும் அப்பொறுப்பை முதலாளியிடமே வைத்தது. சுருங்கக் கூறின், ஊராட்சி மன்றத்தின் பணிகள் தோட்டத்து வாயிலோடு நின்றன. அதற்கு அப்பால் துரையின் அலுவலகமே மன்றமாயிருந்தது.

தோட்டத் துண்டாடலாலும் நில மேம்பாட்டாலும் அங்கிருந்து வெளியேறியோர் ஊர் விளிம்புகளில் குடியேறினர். அவர்தம் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம்பெயர நேர்ந்தபோது நில அலுவலகம், ஊராட்சி மன்றம், மாநில அரசு, கல்வி அமைச்சு எனப் பல வாயில்களைத் தட்ட வேண்டியிருந்தது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. மாணவர் குடும்பங்கள் எல்லை கடந்து நகரும் திசையைப் பள்ளித் திட்டம் முன்னரே அறிய வேண்டுமாயின், வீடமைப்பும் போக்குவரத்தும் வட்டார அளவில் ஒருங்கே எண்ணப்படல் வேண்டும்.

பிறர் பட்டறிவு

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகின? இலண்டன் பெருநகர மன்றம் 1986இல் கலைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் அம்மாநகருக்குப் பொதுவான தேர்தல் மன்றம் இல்லை. 1998இல் மக்கள் கருத்தறியப்பட்டு, 2000இல் மேயரும் 25 உறுப்பினர் கொண்ட பேரவையும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். போக்குவரத்து, பெருந்திட்டம் முதலியன பொது அமைப்பின்பாற்பட்டன. பள்ளி, நூலகம், குப்பை முதலியன பரோ மன்றங்களிடமே விடப்பட்டன. நாம் ஆய்வு மாணவராய் அந்நகரில் வாழ்ந்த காலத்தில், எந்தக் குறைக்கு எவரிடம் முறையிடுவது என்பதை அண்டை வீட்டார் தெளிவாக அறிந்திருந்தமை நம் நினைவில் நிற்கிறது.

தமிழகத்தின் பட்டறிவு வேறு வகையினது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1970களிலேயே தோன்றியது. அதன் பரப்பு நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. இந்திய அரசமைப்பின் 74ஆம் திருத்தம் (1992), பெருநகரத் திட்டக்குழுவில் மூன்றில் இரு பங்கினரேனும் நகராட்சி உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. ஆயினும் 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சியே தேர்தல் மன்றமின்றி அலுவலரால் நடத்தப்பட்டது. அடித்தளத்தில் தேர்தல் இல்லையெனில் மேல்தளத்து அமைப்புக்குப் பேராளர் எங்கிருந்து வருவர்?

தமிழ் மரபிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. சோழர் கால ஆட்சியில் ‘ஊர்’களின் தொகுதி ‘நாடு’ எனப்பட்டது. பேராசிரியர் எ. சுப்பராயலு கல்வெட்டுகளின் துணைகொண்டு அந்நாடுகளை வரைபடத்தில் நிறுவிக் காட்டியுள்ளார். நாடுகள் பல கூடிய ‘சித்திரமேழிப் பெரியநாடு’ என்னும் அவையும் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. அவை நில உடைமையாளரின் அவைகள். அவற்றை இன்றைய மக்களாட்சியோடு சமன்படுத்துதல் பிழையாகும். எனினும் ஊரினும் பெரிய, அரசினும் சிறிய ஓர் அவை தேவை என்னும் உணர்வு நமக்குப் புதிதன்று என்பதை அவை உணர்த்துகின்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் புலப்படும். முதலாவது, வட்டார ஆட்சி என்பது மாநிலங்களை அழித்து ஒன்றாக்குவதன்று. நீர், கழிவு, போக்குவரத்து, நிலத்திட்டம் ஆகிய பொதுப்பணிகளை மட்டும் ஓர் அவையிடம் ஒப்படைப்பதாகும். இரண்டாவது, அவ்வவைக்கெனத் தனி வருவாய் வேண்டும். இல்லையேல் அது பரிந்துரை செய்யும் குழுவாகவே நின்றுவிடும். மூன்றாவது, அதன் உறுப்பினர் மக்களுக்குப் பொறுப்புடையவராதல் வேண்டும். ஊராட்சி மாநில அதிகாரத்திற்கு உட்பட்டிருக்கும் நம் அரசமைப்பில் இம்மூன்றும் எளிதில் கைகூடா என்பதை நாம் அறிவோம். இவற்றுள் மூன்றாவதே முதலில் கேட்கப்பட வேண்டியது என்பது நம் துணிபு. ஒரு நூற்றாண்டுக்காலம் தோட்ட நிருவாகத்தின் சொல்லே சட்டமாக வாழ்ந்தவரின் பெயரர்கள் இன்று நகர்த்திரளின் விளிம்பில் வாழ்கின்றனர். தம்மை ஆள்வோர் யாவர் என அறிந்து வினவும் உரிமை அங்கும் அவர்க்கு எட்டாதிருப்பின், அவர் இடம் மாறினரே அன்றி நிலை மாறினரல்லர்.