'நல்லா இழு'ன்னா எவ்வளவு? விண்ட்சர்ஃபிங் பாயைப் பொருத்தலும் சீர்செய்தலும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைக்காக மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். உயர்நிலை இரண்டில் படித்த ஒரு மாணவன் தன் பாயைத் தானே பொருத்திக்கொண்டிருந்தான். அவசரத்தில் நான் சொன்னது ஒன்றுதான்: "கீழே இருக்கிற கயிற்றை நல்லா இழுப்பா." அவனும் இழுத்தான். கரையில் பார்க்கும்போது பாய் அழகாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் காற்று கூடியது. அவனால் பாயைப் பிடித்து நிற்க முடியவில்லை. விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். காற்று அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் பாதுகாப்புப் படகு போய் இழுத்து வந்தது. கரையேறியதும் அவன் கேட்டான்: "சார், நல்லா இழுன்னு சொன்னீங்க. நல்லான்னா எவ்வளவு?"

என்னிடம் பதில் இல்லை. தவறு அவனுடையது அல்ல, என் விளக்கத்துடையது. அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே முறையாகச் சொல்லிப் பார்க்கிறேன். விளக்கக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இது ஒரு மாதிரியாகவும் பயன்படும்.

1. பாயின் உறுப்புகள்

பெயர் தெரியாமல் எதையும் விளக்க முடியாது. அதனால் பெயர்களில் தொடங்குவோம்.

பாயைத் தாங்கி நிற்கும் நீண்ட கழி பாய்மரம். சங்க இலக்கியத்தில் இதற்குக் 'கூம்பு' என்று பெயர். கடற்கரையில் எல்லாரும் 'மாஸ்ட்' என்பார்கள். பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக வரும். அதன் அடியில் செருகும் குழாய் 'எக்ஸ்டென்ஷன்'. எக்ஸ்டென்ஷனைப் பலகையோடு இணைத்து, எல்லாப் பக்கமும் சாய விடுவது 'யுனிவர்சல் ஜாயிண்ட்'. கையால் பிடித்துக்கொள்ளும் வளைந்த சட்டம் 'பூம்'. பாயின் குறுக்கே, உறைகளுக்குள் ஓடும் மெல்லிய கம்பிகள் 'பேட்டன்'.

பாய்க்கு மூன்று மூலைகள். மேலே தலை, கீழே பாய்மரத்தை ஒட்டி அடிமூலை, பூமின் கடைசியில் பின்மூலை. மரத்தை ஒட்டிய ஓரம் முன்விளிம்பு. தலையிலிருந்து பின்மூலைக்கு இறங்கும் ஓரம் பின்விளிம்பு.

கயிறுகள் இரண்டு. அடிமூலையைக் கீழ்நோக்கி இழுப்பது 'டவுன்ஹால்'. பின்மூலையைப் பூமின் கடைசிக்கு இழுப்பது 'அவுட்ஹால்'. பாயைச் சீர்செய்வது பெரும்பாலும் இந்த இரண்டு கயிறுகளின் வேலைதான்.

2. பாயிலேயே அச்சிட்டிருக்கும் எண்கள்

பலர் கவனிக்காத இடம் இது. பாயின் அடிப்பகுதியில் சில எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக, முன்விளிம்பு 428, பூம் 172, மரம் 400 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாமே சென்டிமீட்டர்.

மரம் 400, முன்விளிம்பு 428. மீதி 28 செ.மீ. எங்கிருந்து வரும்? எக்ஸ்டென்ஷனிலிருந்து. அதை 28இல் வைக்க வேண்டும். சாதாரணக் கழித்தல் கணக்குதான். பூமை அச்சிட்ட 172க்கு நீட்டித் தொடங்கலாம்.

மரத்தின் விறைப்பைக் காட்டும் 'ஐஎம்சிஎஸ்' என்ற எண்ணும் இருக்கும். 400 செ.மீ. மரத்துக்கு 19, 430க்கு 21, 460க்கு 25 என்பது வழக்கம். பாய் கேட்கும் விறைப்புக்கு ஒத்துவராத மரத்தைச் செருகினால், எவ்வளவு இழுத்தாலும் பாய் சரியான வடிவத்துக்கு வராது.

3. பொருத்தும் வரிசை

முதலில் புல்தரை ஒன்றைத் தேடுங்கள். சிமெண்டுத் தரை பாயைக் கீறிவிடும். மணல் மரத்தின் இணைப்புக்குள் புகுந்துகொள்ளும், அப்புறம் இரண்டு துண்டுகளையும் பிரிக்கவே முடியாது. காற்று பாய்மரத்தின் பக்கமிருந்து வரட்டும், பின்மூலை காற்று போகும் திசையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பாய் பறந்து யார் மீதாவது விழும்.

அடுத்து, மரத்தின் இரண்டு துண்டுகளையும் துடைத்து, இடைவெளி இல்லாமல் சேர்த்து, பாயின் முன்விளிம்பு உறைக்குள் மெதுவாகத் தள்ளுங்கள். நுனி தலையில் போய் உட்கார்ந்ததா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

பிறகு எக்ஸ்டென்ஷனைச் செருகி, டவுன்ஹால் கயிற்றைக் கப்பிகளில் கோர்க்க வேண்டும். வழக்கமாக மேலே மூன்று, கீழே மூன்று சக்கரங்கள் இருக்கும். கயிறு ஒன்றன் மீது ஒன்று குறுக்கே ஏறக்கூடாது. ஏறினால் உராய்வு கூடும், கயிறும் தேயும். ஆறு இழைகளாக ஓடும் கயிறு, உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், நாம் இழுக்கும் விசையை ஏறத்தாழ ஆறு மடங்காக்கும். அறிவியல் பாடத்தில் படித்த கப்பி இங்கேதான் உதவுகிறது.

இப்போது டவுன்ஹாலை முக்கால் பங்கு இழுத்து நிறுத்துங்கள். வெறும் கையால் இழுத்தால் தோல் உரியும். கயிற்றை ஒரு கைப்பிடிக் கருவியில் சுற்றி, ஒரு காலை எக்ஸ்டென்ஷனின் அடியில் ஊன்றி, முதுகை வளைக்காமல் காலின் பலத்தால் இழுக்க வேண்டும்.

அதன்பின் பூமை மாட்டுங்கள். பாயை நிமிர்த்தினால் பூம் உங்கள் தோள் உயரத்தில் வருவது நல்ல தொடக்கம். அவுட்ஹாலைப் பின்மூலையில் கோர்த்து, லேசாக மட்டும் இழுத்துவிடுங்கள். பின்னர் அதைத் தளர்த்திவிட்டு, டவுன்ஹாலின் மீதிக் கால் பங்கையும் இழுத்து முடியுங்கள். கடைசியாக அவுட்ஹாலைச் சரிசெய்யுங்கள். டவுன்ஹால் இழுத்ததும் மரம் வளைவதால் பூமின் பிடி தளர்ந்திருக்கலாம். அதையும் ஒருமுறை பாருங்கள்.

4. 'நல்லா' என்பதன் அளவு

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

பாயைப் புல்லில் படுக்க வைத்து, பின்விளிம்பின் மேல்பகுதியைப் பாருங்கள். மேலே இருக்கும் இரண்டு மூன்று பேட்டன்களுக்கு இடையில் துணி விறைப்பாக இருக்கக்கூடாது. தொய்ந்து, லேசாக அலையடிக்க வேண்டும். எதுவரை தொய்வு வர வேண்டும் என்று சில பாய்களில் ஒரு குறியே அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தொய்வு வந்துவிட்டால் டவுன்ஹால் போதும். அதுதான் 'நல்லா'.

புதிதாகப் பார்ப்பவருக்கு இது தப்பாகத் தெரியும். "என்ன சார், தொளதொளன்னு இருக்கே?" என்பார்கள். என் மாணவனின் பாய் மேலிருந்து கீழ் வரை சுருக்கமே இல்லாமல் விறைப்பாக இருந்தது. அழகாக இருந்தது என்று நான் நினைத்தது அதைத்தான். சிக்கலும் அதுதான்.

ஏன்? பாய்மரம் நேராக இருக்கிறது, பாயின் முன்விளிம்போ வளைவாக வெட்டப்பட்டிருக்கிறது. டவுன்ஹால் மரத்தை வளைத்து அந்த வளைவுக்குப் பொருத்துகிறது. அப்போது பாயின் முன்பகுதி இறுகி, மேல் பின்விளிம்பு தளர்கிறது. திடீரென்று காற்று அடித்தால், தளர்ந்த மேல்பகுதி விலகிக் கொடுத்து, அதிகப்படியான காற்றை வெளியே விட்டுவிடும். விறைப்பாக இருந்தால் விலகாது. காற்றின் முழு விசையும் பாயின் உச்சியில் விழும். விசை ஒன்றே ஆனாலும் அது உயரத்தில் விழுந்தால் திருப்புத்திறன் கூடும். கதவைக் கீலின் அருகில் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான். அந்தத் திருப்புத்திறனை அவன் கைகள் இரண்டும்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

அவுட்ஹால் வேறு வேலை செய்கிறது. அது பாயின் குழிவைக் கட்டுப்படுத்துகிறது. கூடுதலாக இழுத்தால் பாய் தட்டையாகும். கட்டுப்பாடு கூடும், இழுவிசை குறையும். தளர்த்தினால் குழிவு கூடும், இழுவிசையும் கூடும். துணி லேசாக இறுகிய நிலையிலிருந்து 2 முதல் 4 செ.மீ. வரை இழுப்பது பெரும்பாலான பாய்களுக்குச் சரியாக வரும்.

பேட்டன் உறைகளின் மீது நெடுக்காகச் சுருக்கங்கள் தெரிந்தால், திருகை அவை மறையும் வரை மட்டும் முறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

5. அறிகுறியும் தீர்வும்

கடலில் இறங்கியபின் பாயே பேசும். கேட்கத் தெரிந்தால் போதும்.

- பின் கை வலிக்கிறது, காற்று கூடும்போது பாய் தடுமாறுகிறது: டவுன்ஹால் போதவில்லை. 1 செ.மீ. கூட்டுங்கள்.
- காற்று இருந்தும் பாயில் உயிரே இல்லை: அவுட்ஹாலை 1 செ.மீ. தளர்த்துங்கள். மாற்றம் இல்லையென்றால் டவுன்ஹாலையும் கொஞ்சம் தளர்த்துங்கள்.
- பாயின் துணி பூமில் அழுந்தி உட்கார்கிறது: அவுட்ஹாலைக் கூட்டுங்கள்.
- இடுப்புக் கொக்கியை மாட்டியபின்பும் பின் கைதான் இழுபடுகிறது: பூமில் இருக்கும் ஹார்னஸ் கயிறுகளைப் பின்னுக்கு நகர்த்துங்கள். முன் கை இழுபட்டால் முன்னுக்கு நகர்த்துங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். சரியான இடம் கிடைத்ததும் கயிற்றில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை வேலை பாதிதான்.

6. காற்றையும் வானத்தையும் பாருங்கள்

சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவற்றுக்கு நடுவே நாம் மறக்கக்கூடாதது சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று. பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் மேற்கிலிருந்து வரும். வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகக்கூடும். அதற்கு ஏற்றபடி பாயைச் சீர்செய்ய முடியாது. மேற்கே வானம் கறுத்தால் கரைக்குத் திரும்புவதுதான் ஒரே சீர்செய்தல்.

இடி முழங்கினாலும் அப்படியே. கார்பன் இழையால் ஆன பாய்மரம் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கடலில் அதைப் பிடித்து நிற்பது ஆபத்து. திரும்ப முடியாமல் போனால் பலகையை விட்டு நீந்தாதீர்கள். அது மிதக்கும், உங்களையும் மிதக்க வைக்கும். அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். உதவி கேட்கும் சைகை இது. மிதவைச் சட்டை இல்லாமல் எந்த மாணவரையும் இறக்கக்கூடாது என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முடித்தபின் முதலில் அவுட்ஹால், பிறகு டவுன்ஹால் என்ற வரிசையில் தளர்த்துங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, தலையிலிருந்து கீழ்நோக்கிச் சுருட்டுங்கள். வெயிலில் கிடந்தால் பாயின் கண்ணாடித்தாள் போன்ற பகுதி நொறுங்கத் தொடங்கும்.

7. கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

மேலே உள்ளதை மறுபடி ஒருமுறை படியுங்கள். முக்கியமான படிகளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்கும்: என்ன செய்வது? ஏன் செய்வது? சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? மாணவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதைத்தான் படிப்பவர் தேடுகிறார்.

"கயிற்றை நன்றாக இழுக்க வேண்டும்." இது முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

"மேல் பேட்டன்களுக்கு இடையே துணி தொய்ந்து அலையடிக்கும் வரை கயிற்றை இழுக்க வேண்டும். அப்போதுதான் திடீர்க் காற்றைப் பாய் வெளியே விடும்." இது மூன்றுக்கும் பதில்.

'நன்றாக', 'சரியாக', 'தேவையான அளவு', 'பக்குவமாக' ஆகிய சொற்களை உங்கள் கட்டுரையில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றின் இடத்திலும் கண்ணால் காணக்கூடிய, கையால் தொடக்கூடிய, அல்லது எண்ணால் சொல்லக்கூடிய ஒன்றை வையுங்கள். 'முதலில், அடுத்து, அதன்பின், கடைசியாக' போன்ற இணைப்புச் சொற்கள் வரிசையைக் காக்கும். 'ஏனெனில், அதனால், இல்லாவிட்டால்' போன்றவை காரணத்தைக் காக்கும். இரண்டு வகையும் வேண்டும்.

பயிற்சி

1. டவுன்ஹால், அவுட்ஹால் ஆகிய இரண்டின் வேலைகளையும் வேறுபடுத்தி ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
2. முன்விளிம்பு 447 செ.மீ., மரம் 430 செ.மீ. என்றால் எக்ஸ்டென்ஷனை எத்தனை சென்டிமீட்டரில் வைக்க வேண்டும்? ஏன் என்று ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல் விளக்குக.
3. தோசை வார்ப்பது, மிதிவண்டிச் சங்கிலியை மாட்டுவது, கோலம் போடுவது ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'நன்றாக' என்ற சொல்லே இல்லாமல் விளக்கக் கட்டுரை எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாவது பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுக்கும் முன் நாம் ஒருமுறை எழுதிப் பார்ப்போம். கை நன்றாக அறிந்த வேலையை வாய் எவ்வளவு மேலோட்டமாகச் சொல்கிறது என்பது அப்போதுதான் புரியும். எனக்கு அது ஒரு மாணவன் கடலில் தள்ளாடிய பிறகுதான் புரிந்தது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.