மூட்டத்தைக் கழிக்கும் கணக்கு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. மார்கழி மாதக் காலை வேளையில் அங்குள்ள மீனவர் குப்பங்களின் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். கரையேற்றி வைத்த கரிய படகு பளிச்சென்று தெரியும். சற்றுத் தள்ளி வலை வீசும் படகு, அதே கறுப்பு வண்ணம் பூசியதாயினும், சாம்பல் நிறமாகத் தோன்றும். இன்னும் அப்பால் செல்லும் படகோ வானத்தோடு கலந்துவிடும்.

நீங்கள் எடுக்கும் படமும் இப்படியே வெளிறிப் போகும். படம் திருத்தும் மென்பொருள்களில் 'டீஹேஸ்' என்றொரு வசதி உண்டு. அதைக் கூட்டினால் மூட்டம் விலகி, மறைந்த படகு வெளியே வருகிறது. இது மந்திரமா? இல்லை, கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

மூட்டம் எப்படி உண்டாகிறது?

கடலலைகள் நொறுங்கும்போது உப்புத் துகள்கள் காற்றில் கலக்கின்றன. ஈரம் மிகுந்த காற்றில் இவை நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. புகையும் தூசியும் இவற்றோடு சேர்கின்றன. பருத்த துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் மூட்டம் வெண்மையாகத் தோன்றுகிறது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. படகிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி வழியிலேயே சிதறிக் குறைகிறது. அதே சமயம், சூரிய ஒளி துகள்களில் பட்டுச் சிதறி, நம் கண்ணுக்குள் புதிதாக வந்து சேர்கிறது. இதைக் காற்றொளி என்போம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒளியின் அளவை எண்ணாகக் குறிப்போம். கறுப்புப் படகு 20. அதன் மேல் தீட்டிய வெள்ளைக் கோடு 180. முழு மூட்டத்தின் காற்றொளி 200. ஒரு கிலோமீட்டருக்குப் பாதி ஒளியே தப்பி வருகிறது என்று கொள்வோம். அப்போது படகு 10 ஆகவும் கோடு 90 ஆகவும் குறையும். இரண்டோடும் காற்றொளியில் பாதியான 100 சேரும். காமிரா பதிவது 110, 190. 160 ஆக இருந்த வேறுபாடு 80 ஆகிவிட்டது!

மென்பொருள் இதைத் திருப்பிச் செய்கிறது. 100-ஐக் கழித்து 2-ஆல் பெருக்கினால் மீண்டும் 20, 180 கிடைக்கின்றன.

எவ்வளவு கழிப்பது?

தொலைவு தெரியாத மென்பொருளுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது எப்படித் தெரியும்? கைமிங் ஹே, ஜியன் சுன், சியாவோ டாங் ஆகிய மூவர் 2009-இல் எளிய வழி ஒன்றைக் கூறினர். தெளிந்த நாளில் எடுத்த படத்தில், வானம் தவிர்த்த பெரும்பாலான சிறு பகுதிகளில் நிழலோ அடர்ந்த நிறமோ இருக்கும். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றேனும் பூச்சியத்தை ஒட்டியிருக்கும். மூட்டப் படத்தில் அந்த மிகக் குறைந்த எண்ணும் உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த அளவே மூட்டத்தின் அளவு.

எங்கே தவறும்?

முதலாவது, தொலைவு. 4 கிலோமீட்டருக்கு அப்பால் 16-இல் ஒரு பங்கு ஒளியே தப்பும். 160 என்ற வேறுபாடு வெறும் 10 ஆகிவிடும். அதை மீட்க 16-ஆல் பெருக்கினால், காமிராவின் சிறு பிழையும் 16 மடங்காகிப் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

இரண்டாவது, வெண்மை. அருகில் நெருங்கி நிற்கும் பூநாரைக் கூட்டத்தில் அடர்ந்த நிறம் குறைவு. மென்பொருள் அதையும் மூட்டமென்று எண்ணிக் கழித்துவிடும். அப்போது வெளிறிய இளஞ்சிவப்பு அடர்சிவப்பாக மாறும். இளம் பூநாரைகள் சாம்பல் கலந்த வெண்மையானவை. வளர வளரத்தான் சிவப்பு ஏறும். திருத்திய படத்தை நம்பி இளம் பறவைகளைக் கணக்கிடுபவர் ஏமாந்துபோவார் அல்லவா? ஆகவே பதிவுக்காக எடுக்கும் படத்தின் மூலத்தை அழிக்காதீர்கள். திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள்.

செய்து பாருங்கள்

கண்ணாடித் தொட்டியில் நீர் ஊற்றி, பின்னால் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையை வையுங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தபடி, பாலைத் துளித் துளியாக விட்டுக் கலக்குங்கள். ஒவ்வொரு துளிக்கும் ஒரு படம் எடுத்து, 'டீஹேஸ்' கொண்டு திருத்துங்கள். எத்தனையாவது துளியில் கட்டங்கள் மீளாமல் போகின்றன? அதுவே உங்கள் மென்பொருளின் எல்லை. காமிராவுக்கு வந்து சேராத ஒளியை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது.