பகலில் சுலபம், இரவில் சவால்: ஒரு கொடியின் நீலம்

ஜூலை 14 பிரான்ஸின் தேசிய நாள். 1789-ல் இதே தேதியில்தான் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1880-ல் அந்நாள் சட்டப்படி தேசிய விழாவானது. வழக்கமாகக் காலையில் ஷான்ஸ் எலிசே சாலையில் ராணுவ அணிவகுப்பு. இரவில் ஈஃபில் கோபுரத்தருகே வாணவேடிக்கை. கொடியின் நீலம், வெள்ளை, சிவப்பு இரண்டு வேளையும் வானத்தில் விரியும். ஆனால் பகல் நிறம் உருவாகும் வழி வேறு, இரவு நிறம் உருவாகும் வழி வேறு.

காலையில் ஆல்ஃபா ஜெட் விமானங்கள் நெருக்கமாக அணிவகுத்து வருகின்றன. அவற்றின் பின்னால் நீளும் வண்ணப் பட்டைகளைப் புகை என்கிறோம். உண்மையில் எதுவும் எரிந்து வந்த புகையல்ல அது. எஞ்சினிலிருந்து சீறும் சூடான வாயுவில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அது நொடியில் ஆவியாகி, வெளிக்காற்றின் குளிர் பட்டதும் நுண்துளிகளாகத் திரள்கிறது. மார்கழி விடியலில் நம் வாயிலிருந்து கிளம்பும் வெண்ணிற ஆவியும் இதே வித்தைதான்.

வெறும் எண்ணெய்த் துளிகள் சூரிய ஒளியின் எல்லா நிறங்களையும் சிதறடிக்கும். எனவே வெள்ளை தானாகக் கிடைத்துவிடும். நீலத்துக்கும் சிவப்புக்கும் எண்ணெயில் சாயம் கலந்தால் போதும். சாயம் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டுத் தன் நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். வேதியியல் சரி, ஆனால் விமானமும் வண்ணமும் பொருந்த வேண்டுமே! 2018-ல் நீலம் விட வேண்டிய விமானம் ஒன்று சிவப்பை விட்டது. பாரிஸ் வானத்தில் கொடியின் வரிசை குலைந்தது.

இரவில் கடன் வாங்கச் சூரியன் இல்லை. நெருப்பே ஒளியைத் தர வேண்டும். வாணக்குண்டுக்குள் மருந்து உருண்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை எரியும்போது உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் வெப்பத்தை வாங்கி மேல்நிலைக்குத் தாவும். கீழே இறங்குகையில் அந்த ஆற்றலை ஒளியாக விட்டுவிடும். ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய நிறங்களை மட்டும் வெளியிடும். அந்த நிறத் தொகுப்புக்கு உமிழ்நிறமாலை என்று பெயர்.

சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு. வெள்ளைக்கு மெக்னீசியம் அல்லது அலுமினியத் தூள். வெள்ளையில் சூடு ஏற ஏறப் பிரகாசமும் ஏறும். நீலத்தில்தான் சிக்கல். செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு ஒன்றுதான் வழக்கமாகச் சுடரில் நீலத்தைத் தருகிறது. சூடு அதிகமானால் அது உடைந்துபோகும், நீலம் வெளிறிவிடும். சூடு குறைந்தால் ஒளி மங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வெப்ப எல்லைக்குள் சுடரைப் பிடித்து வைக்க வேண்டும்.

பாஸ்டில் வீழ்ந்த காலத்து வாணவேடிக்கையில் பெரும்பாலும் பொன்னிறமும் வெண்மையும்தான். அதற்குச் சற்று முன்பு, 1780-களில், பிரெஞ்சு வேதியியலாளர் குளோட் லூயி பெர்த்தோலே பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டறிந்தார். அதை வெடிமருந்தாக்கத்தான் முதலில் முயன்றார்கள். ஆனால் எரிவதற்கு ஆக்சிஜனையும் நிறத்துக்குக் குளோரினையும் ஒருசேரத் தந்த அந்த உப்பு, 19-ஆம் நூற்றாண்டில் வாணங்களுக்குப் பளிச்சென்ற வண்ணங்களை வாங்கித் தந்தது.

நீலத்துக்கான வெப்ப எல்லை அவ்வளவு குறுகியது. ஆகவே வாணம் செய்தவரின் கைத்திறனை எடைபோடச் சிவப்பைப் பார்த்துப் பயனில்லை. நீலம் ஆழமாக, வெளிறாமல் விரிந்தால் தாராளமாகக் கைதட்டலாம்.