பத்துக்குப் பத்தில் ஒரு மெக்சிகோ

சென்னை மால்களில் டாக்கோ சாப்பிட்டவர்களுக்கு அது அப்பளம்போல் நொறுங்கும் ஒரு பண்டம். மஞ்சள் நிறத்தில் வளைந்த ஓடு, உள்ளே மசாலா பூரணம், மேலே துருவிய சீஸ், நறுக்கிய லெட்டூஸ். முதல் கடியிலேயே பாதி சட்டையில் விழும். இந்த ஓடு உலகம் சுற்றக் கிளம்பியது ஒரு சின்னக் கடையின் அடுப்படியிலிருந்துதான்.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் 1937-இல் லூசியா ரோட்ரிகெஸ் என்ற பெண்மணி மிட்லா கஃபே என்ற உணவகத்தைத் தொடங்கினார். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் வசித்த பேட்டை அது. நகராட்சி நீச்சல் குளத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு இருந்த தடையை எதிர்த்து 1940-களில் வழக்குப் போட்டு வென்றவர்கள் கூடிப் பேசிய இடமும் அதுதான். எதிர்ச்சாரியில் கிளென் பெல் என்பவர் ஹாட் டாக்கும் பர்கரும் விற்றுவந்தார். மிட்லாவில் பொரித்த டாக்கோவுக்கு நிற்கும் வரிசை அவர் கண்ணை உறுத்தியது. தினம் அங்கே போய்ச் சாப்பிட்டு, எப்படிச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார்; கடைசியில் அவர்களே அவரை அடுப்படிக்குள் விட்டுக் காட்டிக்கொடுத்தார்கள். ஓடுகளை முன்கூட்டியே மொத்தமாகப் பொரித்து அடுக்கிவைக்க ஒரு வழி கண்டுபிடித்தது பெல்லின் சாமர்த்தியம். 1962-இல் டவுனி என்ற ஊரில் அவர் திறந்த கடையின் பெயர் டாக்கோ பெல். மிட்லா கஃபே இன்றும் சான் பெர்னார்டினோவில் நடக்கிறது. இந்தக் கதையைத் தோண்டி எடுத்து எழுதியவர் குஸ்தாவோ அரெயானோ. அமெரிக்காவை மெக்சிகோ உணவு எப்படிப் பிடித்தது என்று 2012-இல் அவர் எழுதிய ‘டாக்கோ யுஎஸ்ஏ’ நூலில் அது விரிவாக இருக்கிறது.

அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளியினர் ஏறத்தாழ 3.7 கோடிப் பேர். அவர்களில் ஒருவரிடம் நல்ல டாக்கோ எங்கே கிடைக்கும் என்று கேட்டால், விளக்கு வெளிச்சமும் தொப்பி அலங்காரமும் உள்ள பெரிய உணவகத்துக்கு வழி சொல்வது அபூர்வம். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய இரண்டு மேசைக் கடையையோ, டயர் கடை வாசலில் மாலை ஆறு மணிக்குமேல் நிற்கும் வண்டியையோதான் சொல்வார்கள்.

அங்கே போனதும் இறைச்சியைப் பார்க்க வேண்டாம், அதைச் சுற்றித் தரும் டோர்ட்டியா ரொட்டியைப் பாருங்கள். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் கழலக் கழுவி அரைத்தால் வருவது மாசா என்ற மாவு. எரிமலைக் கல்லில் செதுக்கிய அம்மியில் பெண்கள் மண்டியிட்டு அரைத்தது ஒரு காலம். இப்போது இயந்திரம் அரைக்கிறது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்புதான். அது தோலைக் கழற்றுவதோடு நிற்பதில்லை. மக்காச்சோளத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்தையும் விடுவித்துத் தருகிறது. ஐரோப்பியர்கள் மெக்சிகோவிலிருந்து சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், செய்முறையை விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலியின் ஏழைகளையும், பின்னர் அமெரிக்கத் தென்மாநில ஏழைகளையும் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பல்லாயிரம் பேர் இறந்தார்கள். மெக்சிகோவின் கிராமத்துப் பாட்டிகளுக்கு அந்த நோய் என்னவென்றே தெரியாது.

இப்படி அன்றாடம் ஊறவைத்து அரைக்கும் கடைகள் குறைவு. 1949 முதல் மெக்சிகோவில் மசேகா என்ற பொடி மாவு விற்பனைக்கு வந்துவிட்டது. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது. பல சிறிய கடைகளும் அதைத்தான் வாங்குகின்றன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் பொடியில் செய்தாலும் உருண்டை பிடித்து, அச்சில் அழுத்தி, கண்ணெதிரே கல்லில் போட்டு உப்பவிட்டு எடுத்த டோர்ட்டியாவுக்கும், பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிச் சூடாக்கியதற்கும் வாசனையிலேயே வித்தியாசம் தெரியும். நல்லது மடித்தால் விரியாது. அங்கங்கே கருகிய புள்ளி இருக்கும்.

அடுத்தது பெயர்ப்பலகை. மெக்சிகோ உணவு என்று பொதுவாகச் சொல்வதே பாதி பிழை. 31 மாநிலங்களும் தலைநகரும் கொண்ட அந்த நாட்டில் ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியாகச் சமைக்கிறது. ஹலிஸ்கோக்காரர்கள் ஆட்டிறைச்சியை மிளகாய்ச் சாந்தில் ஊறவைத்துக் குழைய வேகவைத்து பீரியா என்பார்கள். மிச்சோகானில் பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே பெரிய செம்புக் கொப்பரையில் மெல்ல வேகவைத்தால் கார்னிடாஸ். யூகாடானில் வாழையிலையில் பொதிந்து மண்ணில் குழிதோண்டி வேகவைப்பார்கள். வடக்கே சொனோராவில் கோதுமை விளைவதால் டோர்ட்டியாவே கோதுமை மாவில்தான். கடைப் பலகையில் மாநிலத்தின் பெயரோ ஊரின் பெயரோ இருந்தால், அந்த ஊர்க்காரர்கள் வந்து குறை சொல்லக்கூடும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதைவிடப் பெரிய உத்தரவாதம் கிடையாது.

லாஸ் ஏஞ்சலஸில் இதற்கு ஓர் உதாரணம் கெலகெட்சா. வஹாகா மாநிலத்திலிருந்து வந்த லோபெஸ் குடும்பம் 1994-இல், கொரியர்கள் நிறைந்த பகுதியில் அதைத் தொடங்கியது. நகரில் வேலைதேடி வந்திருந்த வஹாகாக்காரர்களுக்கு ஊர்ச் சோறு போடுவதுதான் நோக்கம். கருப்பு மோலே அவர்கள் கைச்சரக்கு: பல வகைக் காய்ந்த மிளகாய், எள், கொட்டைகள், லவங்கம், கொஞ்சம் சாக்லேட் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, சிலவற்றைக் கருக்கியே, அரைத்துக் கொதிக்கவிடும் குழம்பு. பின்னாளில் ஒரு கொரிய உணவகத்தின் கட்டடத்துக்கே கடை இடம்பெயர்ந்தது. 2015-இல் உணவுத் துறை விருதுகள் வழங்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அதை அமெரிக்காவின் செவ்வியல் உணவகங்களில் ஒன்றாகக் கௌரவித்தது. இப்போது அதைச் சந்துக் கடை என்று சொல்ல முடியாது. ஆனால் மோலே அதே மோலேதான்.

இத்தகைய கடைகளைப் பத்திரிகைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜோனத்தன் கோல்ட். இளம்வயதில் லாஸ் ஏஞ்சலஸின் பீகோ சாலையில் உள்ள எல்லாக் கடைகளிலும் சாப்பிட்டுப் பார்ப்பது என்று கிளம்பிய மனிதர். வெள்ளை மேசைவிரிப்பு உணவகங்களுக்கே விமர்சனம் என்றிருந்த காலத்தில், டாக்கோ வண்டிகளையும் பேட்டைக் கடைகளையும் அதே கவனத்தோடு எழுதினார். 2007-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. உணவு விமர்சகர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2018-இல் அவர் இறந்தபோது நகரத்தின் சிறு கடைக்காரர்கள் தங்கள் வீட்டு மனிதரை இழந்ததுபோல் வருந்தினார்கள்.

மெனுவின் நீளமும் ஒரு சாட்சி. நாற்பது அயிட்டம் எழுதிய அட்டையைவிட நான்கு அயிட்டம் எழுதிய சுவர் நம்பத்தக்கது. மெக்சிகோ நகரின் சான் ரஃபேல் பகுதியில் 1968 முதல் நடக்கும் எல் கலிஃபா தே லியோன் கடை பத்தடிக்குப் பத்தடி. உட்கார இடமில்லை. நான்கே வகை டாக்கோ, மூன்று மாட்டிறைச்சியில், ஒன்று பன்றி இறைச்சியில். உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லின் வழிகாட்டி முதன்முதலாக மெக்சிகோவுக்கு வந்த 2024 மே மாதத்தில், நட்சத்திரம் வாங்கிய 18 இடங்களில் இந்தக் கடையும் ஒன்று. மெல்லிய இறைச்சித் துண்டை ஏறத்தாழ 360 டிகிரி செல்சியஸில் காயும் இரும்புத் தகட்டில் போட்டு, உப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும் சேர்த்து, பக்கத்திலேயே தட்டிய டோர்ட்டியாவில் வைத்துத் தருகிறார்கள். அவ்வளவுதான். மிஷ்லின்காரர்கள் கொடுத்த வெள்ளைச் சமையல் அங்கியை அந்த வெக்கையில் யார் போட்டுக்கொள்வது என்று சமையல்காரர் ஆர்துரோ ரிவேரா மார்த்தினெஸ் போடவேயில்லை.

சரி, கடை சின்னதாக இருந்தால் போதுமா? போதாது. கிழிந்த நாற்காலியும் எண்ணெய்ப் பிசுக்கும் ருசிக்குச் சான்றிதழ் ஆகா. அழுக்கைப் பார்த்து மயங்கும் ஒருவகைச் சுற்றுலா ரசனை உண்டு. அதை நம்பிப் போனால் வயிறுதான் விலை கொடுக்கும். இறைச்சி சூடாக இருக்கிறதா, நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லித்தழையும் அன்றைக்கு உரியவையா, சல்சா மூடி வைத்திருக்கிறதா என்று பார்ப்பதில் தவறே இல்லை. கூட்டம் அதிகமுள்ள கடையில் எதுவும் தேங்கி நிற்காது என்பதும் கணக்கில் சேரும்.

‘அசல்’ என்பதிலும் கொஞ்சம் நிதானம் தேவை. கம்பியில் அடுக்கிச் சுழலவிட்டு, மேலே அன்னாசிப்பழம் செருகி, கத்தியால் சீவித் தரும் அல் பாஸ்தோர் இல்லாமல் மெக்சிகோ நகரத்துத் தெருவை நினைக்க முடியாது. அது லெபனான் குடியேறிகள் கொண்டுவந்த ஷவர்மாவின் பேரப்பிள்ளை. புவேப்லா நகரில் 1930-களில் பிறந்த அரபு டாக்கோ அதற்கு முந்தைய தலைமுறை. அமெரிக்கச் சரக்கு என்று பலரும் ஒதுக்கும் நாச்சோ, எல்லையின் மெக்சிகோ பக்கத்தில் உள்ள பியெத்ராஸ் நெக்ராஸ் ஊரில் இக்னாசியோ அனாயா என்ற பணியாளர் 1940-களில் அவசரத்துக்குச் செய்துகொடுத்தது. கலிபோர்னியாவின் யூபா நகரத்தில் ஒரு பஞ்சாபிக் கணவரும் அவருடைய மெக்சிகோ வம்சாவளி மனைவியும் 1954-இல் எல் ரான்செரோ என்ற உணவகத்தைத் திறந்து, சீஸ் வைத்து மடிக்கும் கேசடியாவை ரொட்டியில் செய்து பல்லாண்டு விற்றார்கள். அதைப் போலி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தன் பேட்டை ஆட்களுக்காகச் சமைத்தது எதுவோ அது அசல். வழிப்போக்கரை மயக்கச் சமைத்தது மற்றது. இந்த அளவுகோல் போதும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. மிளகாய் மெக்சிகோ மண்ணிலிருந்து கிளம்பி, போர்த்துகீசியர் கப்பல்களில் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. திரும்பிப் போன சரக்கில் புளி இருந்தது. சின்னக் கடைகளின் மேசைமேல் பெரிய கண்ணாடி ஜாடிகளில் நிற்கும் பானங்களில் ஒன்று அரிசியில் செய்தது, ஒன்று சிவப்புப் புளிச்சைப் பூவில் செய்தது, மற்றொன்று புளித் தண்ணீர். மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்த பிலிப்பினோக்கள் தென்னங்கள் இறக்கும் தொழிலையும் கொண்டுவந்தார்கள். மெக்சிகோவின் கொலிமா மாநிலத்தில் இன்றும் தென்னையில் பாளை சீவி இறக்கித் தெருவில் விற்கிறார்கள்.

இந்தக் கடைகளை நடத்துவது லேசான காரியம் அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் 2008-இல் டாக்கோ வண்டிகள் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் நிற்கக்கூடாது என்றும், மீறினால் அபராதம் அல்லது சிறை என்றும் விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. நடைபாதை வியாபாரம் குற்றமாகாது என்ற மாநிலச் சட்டம் 2019 ஜனவரியில்தான் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூனில் குடியேற்ற அதிகாரிகளின் சோதனைகள் தீவிரமானபோது அந்நகரின் தெருவோர வியாபாரிகள் பலர் கடை விரிக்கவே அஞ்சி வீட்டில் இருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டிறைச்சி பார்பகோவாவுக்குப் பேர்போன கிறிஸ்டினா மார்த்தினெஸ், தனக்குக் குடியேற்ற ஆவணங்கள் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே கடை நடத்துகிறார். வீட்டிலிருந்து விற்கத் தொடங்கிய அவர், 2022-இல் அப்பகுதியின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சைவம் என்றால் கேட்டுச் சாப்பிடுங்கள். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சிவப்புச் சோற்றில் கோழிச்சாறு இருக்கலாம், தமாலே என்ற சோளக் கொழுக்கட்டையின் மாவிலும் கொழுப்பு சேர்ப்பார்கள். பயப்படத் தேவையில்லை, வேறு நல்ல சாப்பாடு நிறைய. பூசணிப் பூ வைத்த கேசடியா, முள் நீக்கி வதக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், சுட்டு உரித்த பச்சை மிளகாய்க் கீற்றுகள், சோளக் கதிரில் வளரும் கருப்புக் காளான் என்று சிறிய கடைகளிலேயே கிடைக்கும். இறைச்சிக்கும் இவற்றுக்கும் ஒரே கல்லைப் பயன்படுத்துகிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அட்டை செல்லாது. கடைக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர்ப் பண்டத்தையே வாங்குங்கள். பார்பகோவா பெரும்பாலும் வார இறுதியில்தான். ஆனைக்கற்றாழை மடல் சுற்றிக் குழியில் இரவெல்லாம் வெந்த கறி ஞாயிறு மதியத்துக்குள் தீர்ந்துவிடும்; காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள்.