பேச்சுக்கு முன் நடந்த பேச்சு

1969 நவம்பரில் ஜப்பான் பிரதமர் எய்சாக்கு சாதோ வாஷிங்டன் போனபோது, எல்லோர் கண்ணும் ஒகினாவாவின் மீதே இருந்தது. 1945-ல் அமெரிக்கா கைப்பற்றிய அந்தத் தீவு திரும்பக் கிடைக்குமா? அதிபர் நிக்சனுக்கோ கூடவே துணிக் கவலையும் இருந்தது. ஜப்பானிலிருந்து வந்து குவியும் கம்பளி, செயற்கை இழைத் துணிகளுக்குக் கடிவாளம் போடுவதாக 1968 தேர்தலில் தென் மாநில ஆலைக்காரர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

முறைப்படி கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க வர்த்தகச் செயலர் மாரிஸ் ஸ்டான்ஸ் டோக்கியோவுக்கே போய்க் கேட்டும் ஜப்பான் மசியவில்லை.

அடுத்து கொல்லைப்புற வழி திறந்தது. சாதோ தன் வெளியுறவு அமைச்சகத்தை ஒதுக்கிவிட்டு, கெய் வகாய்சுமி என்ற பேராசிரியரை ரகசியத் தூதராக அனுப்பினார். எதிர்த்தரப்பில் நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர். தொலைபேசியில் ஒருவர் 'யோஷிடா', மற்றவர் 'டாக்டர் ஜோன்ஸ்'. மாநாட்டில் யார் எப்போது என்ன சொல்வது என்பதுவரை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்தார்கள். ஒகினாவாவில் அணு ஆயுதம் வைப்பது பற்றிய ரகசியத் தாளில் கையெழுத்திட, கலைப்பொருள்களைப் பார்க்கும் சாக்கில் தலைவர்கள் இருவரும் ஓவல் அலுவலகத்தை ஒட்டிய சிற்றறைக்குள் போனார்கள். சாதோவின் வீட்டில் இருந்த அந்தத் தாள் 2009-ல்தான் வெளியே வந்தது.

துணிக்கும் சாதோ தனியே உறுதி சொன்னார். ஆனால் அதை நிறைவேற்ற வேண்டிய வர்த்தக அமைச்சகத்துக்கும் ஆலை முதலாளிகளுக்கும் அப்படியொரு பேச்சு நடந்ததே தெரியாது. ரகசிய வாக்குறுதி எதுவும் இல்லை என்று நாடாளுமன்றத்தில் சாதோவே மறுத்தார். 1970 ஜூனில் வர்த்தக அமைச்சர் கீச்சி மியாசாவா வாஷிங்டன் போய், காரியம் கைகூடாமல் திரும்பினார். ஏமாற்றிவிட்டார்கள் என்று நிக்சன் கொதித்தார்.

வர்த்தகப் பேச்சுக்கான தயாரிப்பில் பாதி, சொந்த நாட்டில் செய்ய வேண்டிய வேலை. எந்த ரகத்தை விட்டுக்கொடுக்கலாம், ஆண்டுக்கு எவ்வளவு கூடுதல் கேட்கலாம், தறி நின்றுபோகிறவருக்கு என்ன ஈடு என்றெல்லாம் ஆலைக்காரரோடு உட்கார்ந்து பேசாமல் சாதோ வாக்குக் கொடுத்திருக்கவே கூடாது.

விட்டுப்போன அந்த வேலையை 1971-ல் செய்தவர் புதிய வர்த்தக அமைச்சர் காக்குவெய் தனாக்கா. அக்டோபர் 15-க்குள் இணங்காவிட்டால், எதிரி நாடுகளோடு வணிகத்தைத் தடுக்கும் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு தானே கோட்டா விதிக்கப்போவதாக அமெரிக்கா கெடு வைத்தது. தனாக்கா ஆலைகளுக்குப் பெரும் நிவாரணம் பெற்றுத் தந்தார். உபரித் தறிகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளவும் வழி செய்தார். கெடு நாளன்றே உடன்பாடு ஏற்பட்டது. 1972 மே 15-ல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியது.

துணிக் கட்டுப்பாடு ஜப்பானோடு நிற்கவில்லை. பருத்திக்கு மட்டும் முன்பே இருந்த சர்வதேசக் கட்டுப்பாடு, 1974-ல் கம்பளிக்கும் செயற்கை இழைக்கும் சேர்த்து பல்லிழை ஒப்பந்தமாக விரிந்தது. வளரும் நாடுகள் பலவற்றையும் வளைத்தது. அதன் வழிவந்த கோட்டா 2004 டிசம்பர் 31-ல்தான் ஒழிந்தது. அதுவரை திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்களும், பல ரகங்களுக்கு, கோட்டா கையில் இருந்தால்தான் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சரக்கு அனுப்ப முடிந்தது.