குலுக்காமல் ஓடும் குதிரை

பெரும்பாலான குதிரைகளுக்கு நடக்கத் தெரியும், துள்ளி ஓடத் தெரியும், பாய்ந்து ஓடத் தெரியும். ஐஸ்லாந்துக் குதிரைகள் பலவற்றுக்கு இன்னும் இரண்டு நடைகள் தெரியும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘டோல்ட்’.

குதிரை துள்ளி ஓடும்போது முன்னங்கால் ஒன்றும், அதற்கு எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்தாற்போல் தரையைத் தொடும். அடுத்து மற்ற இரண்டும் தொடும். இடையில் ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில் நிற்கும். அது தரைக்கு வரும்போதெல்லாம் மேலே இருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். டோல்ட்டில் கால்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொடும். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு காலாவது தரையில் ஊன்றியிருக்கும். அதனால் குலுக்கல் இருக்காது. விளிம்புவரை நிரப்பிய கோப்பையைக் கையில் பிடித்தபடி, சிந்தாமல் சவாரி செய்து காட்டுவார்கள்!

இது பழக்கியதால் வந்த வித்தை மட்டுமல்ல, பிறவியிலேயே உள்ளது. 2012-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் 70 ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்து, ‘டிஎம்ஆர்டி3’ என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எந்தக் கால் எப்போது அசைய வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் நரம்பு செல்கள் தண்டுவடத்தில் உள்ளன. அந்தச் செல்களில் வேலை செய்யும் மரபணு இது. ஐந்து நடையும் தெரிந்த குதிரைகளில் ஏறக்குறைய எல்லாமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றிருந்தன. ஓர் எழுத்து ஓட்டத்தையே மாற்றிவிடுகிறது என்பது எவ்வளவு பெரிய அதிசயம்!

ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் ஐஸ்லாந்தில் குடியேறிய வைக்கிங் கடலோடிகள்தான் இக்குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த அந்தக் காலத்துக் குதிரை எலும்புகளிலும் இதே மரபணு மாற்றம் இருக்கிறது. 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை வெடித்து, அதன் நச்சு புல்லில் படிந்தது. தீவின் குதிரைகளில் பாதிக்கும் மேல் மடிந்தன. பிழைத்தவற்றின் வழியில் வந்தவையே இன்றைய குதிரைகள்.

இன்று அந்தத் தீவுக்குள் வெளிநாட்டுக் குதிரை எதுவும் நுழையக் கூடாது. காரணம் நோய். நெடுங்காலம் தனித்தே வாழ்ந்ததால் வெளியுலகத்துக் குதிரை நோய்கள் பலவற்றை எதிர்க்கும் சக்தி ஐஸ்லாந்துக் குதிரைகளுக்கு இல்லை. ஐஸ்லாந்தில் இல்லாத ஒரு சிறு கொசுப்பூச்சி, அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் குதிரைகளைக் கடித்துத் தோல் நோய் உண்டாக்குகிறது. உலகப் போட்டிக்காக வெளியே போன குதிரை, கோப்பையை வென்றாலும் பிறந்த மண்ணுக்குத் திரும்ப முடியாது.

இனி குதிரை ஓடும் காணொளி எதையாவது பார்த்தால் வேகத்தைக் குறைத்து வைத்துக் கால்களை மட்டும் கவனியுங்கள். நான்கும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.